கூடைக்குள் துரையின் சத்தம்

கிள்ளான், ஜாலான் மேரு,
12-8-1984

அன்புள்ள மச்சானுக்கு ரம்லத் சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வீடும் இரண்டு மோட்டார் சைக்கிளும் சுகம். அங்கே நீங்களும் மாமியும் லத்தீஃபா மதினியும் உங்கள் வலது காலும் சுகமா? காலைத் தனியாகக் கேட்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். நீங்கள் வைத்தியத்துக்கு ஊருக்குப் போன இந்த ஆறு மாதமாக உங்களைவிட உங்கள் காலைத்தான் எல்லாரும் அதிகம் விசாரிக்கிறார்கள்.

கேட்கிறவர்களிடம், நீங்கள் சொன்னபடியே, ஆறாங்கட்டை மைல்கல் வளைவில் நாய் குறுக்கே வந்தது என்றுதான் நானும் சொல்லி வருகிறேன். ஒருவரிடம் கறுப்பு நாய் என்றும் இன்னொருவரிடம் செவலை என்றும் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்ததும் ஒரு நிறத்தை முடிவு செய்துகொள்வோம். புருசன் பெண்டாட்டிக்குள் என்ன ஒளிவு மறைவு? இருபத்தாறு வருடம் இங்கிலீஷ்காரன் மோட்டார் ஓட்டிய கால் உங்கள் கால். அதனால்தானே அந்தக் கிழட்டு மோட்டாருக்குத் துரை என்று பேர் வைத்தீர்கள்; நம்ம துரைக்கு கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். புதிதாக வாங்கிய சின்ன ஜப்பான் மோட்டார், அந்தக் கப்சாய்க்கு எல்லாம் தலைகீழ். வாங்கிய மூன்றாம் நாள் வளைவில் பிரேக் என்று நினைத்து இடது காலால் அமுக்கினீர்கள். அது கியர். வண்டி நிற்பதற்குப் பதில் உங்களைக் கொண்டுபோய்க் கால்வாயில் போட்டது. ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் நீங்களே சொன்னீர்கள், "இடது காலாலதானே ரம்லத்து அமுக்குனேன், ஏன் நிக்கலே" என்று. நாய் மறுநாள்தான் வந்தது.

இப்போது முக்கியமான விசயம். தீபாவளிக்கு இரண்டரை மாதம்கூட இல்லை. நீங்கள் போனதிலிருந்து ரப்பர் தோட்டத்துப் பக்கம் நம் துணி மூட்டை போகவே இல்லை. உங்கள் தம்பி ஜபருல்லாவைக் கெஞ்சி, போன சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வரச் சொன்னேன். அவர் கப்சாய் ஓட்ட, நான் பின்னால் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போனோம். மதியம் இரண்டு மணி. பால் வெட்டி முடித்து எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம்தான். ஆனால் மச்சான், லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனோம், ஒரு கதவு திறக்கவில்லை. கோழிகூட ஒதுங்கவில்லை. அந்த வண்டி அவ்வளவு மெதுவாக முனகிக்கொண்டு போகிறது.

ஜபருல்லா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பாத்தீங்களா மதினி, இந்த வாடிக்கை முடிஞ்சு போச்சு லா. ஸ்பீக்கர் வச்சுத் துணி விக்கிற வேன்காரன் எல்லாத்தையும் புடிச்சுட்டான். இந்தக் கப்சாய எனக்குக் கொடுத்துருங்க, நான் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்கு சாமான் ஏத்திக்கிறேன்" என்றார். தம்பிக்குக் கண் மூட்டைமேல் இல்லை, வண்டிமேல்.

திரும்பும்போது தண்ணீர்க் குழாயடியில் நல்லம்மாள் நின்றாள். கடைசி வீட்டுக்காரி, உங்களிடம் எப்போதும் பச்சைச் சேலைதான் கேட்பாளே, அவள். என்னைப் பார்த்ததும், "ஐயையோ, நீங்களா! தபால்காரருன்னுல்ல நெனச்சு உள்ளே கெடந்தோம்" என்று தலையில் கை வைத்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேளுங்கள். "பாய் வந்தா அஞ்சாங்கட்டையிலயே டம் டம்முன்னு கேக்கும்க்கா. அதைக் கேட்டுட்டு அடுப்பக் கொறைச்சு, மூஞ்சி கழுவி, தலைய முடிஞ்சுக்கிட்டு வெளிய வந்தா சரியா மூட்டைய அவுப்பாரு. இது என்ன வண்டி, திருடன் மாதிரி வருது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் நீங்கள் துணி விற்றீர்கள் என்று நினைத்திருந்தேன். ஆளைக் கூப்பிட்டது துரை. அந்தக் கிழட்டு மோட்டாருக்கு ஒரு சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

நான் யோசித்துவிட்டேன் மச்சான். கப்சாயை ஜபருல்லாவுக்குக் கொடுக்கப் போவதில்லை. நான் ஓட்டப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். துரையில் ஏற வேண்டுமென்றால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். கப்சாய்க்கு முன்னால் பெட்ரோல் தொட்டி இல்லை, நீளப் பாவாடை வைத்த பாஜு கூரோங்கோடு நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். கிளட்சு பிடிக்கவும் வேண்டாம். அதைவிடப் பெரிய விசயம் ஒன்று உண்டு. உங்கள் காலுக்கு இருபத்தாறு வருடப் படிப்பு. என் காலுக்கு, என் தலையைப் போலவே, ஒன்றும் தெரியாது. அதற்கு மறக்க வேண்டியது எதுவுமில்லை. இடது என்றால் கியர், வலது என்றால் பிரேக் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தால் அப்படியே கேட்டுக்கொள்ளும்.

உங்கள் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பதில் வருவதற்குள் நேரம் வீணாகாமல் பழகியும் கொள்கிறேன்.

மாமிக்கு என் சலாம். காலை நீட்டி வையுங்கள், நாக்கை மடக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரம்லத்


கிள்ளான்,
16-9-1984

அன்புள்ள மச்சானுக்கு ரம்லத் சலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்தது. எனக்காக மட்டும் என்ன பெரிய சமையல் என்று இருந்தேன், மெக்கானிக் பாலன் வீட்டுக்குக் கறி கொடுத்தனுப்பினேன். உங்கள் கேசட்டும் பெருநாளுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் உங்கள் கோபம் ஆறிவிடும் என்று, கேசட்டில் சூட்டோடு திட்டி அனுப்பியிருக்கிறீர்கள். குரல் நன்றாக இருக்கிறது. கால் நொந்த ஆள் குரல் மாதிரியே இல்லை. "வஸ்ஸலாம்" என்று நீங்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன். இந்த வீட்டில் நீங்கள் இருந்தபோது அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

பொம்பளை மோட்டார் ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். எந்த ஊர்? அதிராம்பட்டினம் சிரித்தால் இங்கே கேட்காது. இங்கே மேருவில் காலையில் வந்து பாருங்கள். கம்பத்து மலாய் அத்தைமார், அந்த மக்சிக்குகள், தலைத்துணிமேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, முன்னால் மீன், பின்னால் மாமியார் என்று கப்சாயில் பறக்கிறார்கள். அவர்களும் தொழுகிறார்கள், நோன்பு பிடிக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. மாமியார்தான் கொஞ்சம் பயந்த முகமாக இருக்கிறார்கள்.

கப்சாய் வெறும் ஜப்பான் தகரம், தட்டினால் நசுங்கும், துரைதான் இரும்பு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பாலனிடம் அப்படியே போட்டேன். அவன் துரையைத் தடவிக்கொண்டே, "இரும்புதான் அக்கா, யாரு இல்லேன்னா? ஆனா இதச் செஞ்ச பாக்டரியே இங்கிலாந்துல இழுத்து மூடிட்டான். ஒரு சாமான் வேணும்னா செத்த வண்டியிலேருந்து கழட்டணும். இதோட திருகாணிக்கு என் ஸ்பேனர் ஒண்ணுகூடச் சேராது, தனிப் பெட்டி வச்சிருக்கேன். கப்சாய்க்கு? மளிகைக் கடையில கேட்டாக்கூட எடுத்துத் தருவான் போல" என்றான்.

இன்னொன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். நல்லம்மாளின் மகள் சந்திரகலா பால் வெட்டப் போகவில்லை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. எங்கே தெரியுமா? மோட்டார் கோக்கிற தொழிற்சாலைக்கு. இஞ்சினும் மற்றதும் ஜப்பானிலிருந்து பெட்டியில் வருமாம். இங்கே நம்ம பிள்ளைகள் வரிசையாக நின்று பூட்டுவார்களாம். சந்திரகலாவுக்குப் பின் சக்கரம். "ஒரு நாளைக்கு எத்தனை சக்கரம்மா?" என்று கேட்டேன். "எண்ணுனா தலை சுத்தும் ஆன்டி. ஆனா ஒரு நட்டு லூசா போனாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிருவாரு" என்றாள். இது ஜப்பான் வண்டி, கேவலம் என்று இனிச் சொல்லாதீர்கள். உங்களிடம் சட்டைத்துணி எடுத்து வளர்ந்த பிள்ளை முறுக்கின சக்கரமாகக்கூட இருக்கும்.

பழகினேன், விழுந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பின்புறத்திலேயே, வாழைமரத்தில். மரம்தான் பாவம். லைசென் ஆபீசில் சோதிக்க வந்த மலாய்க்கார ஆபீசர் என்சே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மக்சிக், பெரானி கா?" என்றார். தைரியம் இருக்கா என்று கேட்கிறார். "முப்பது வருசமா ஒரே புருசன் என்சே, இதுக்கு மேல என்ன பெரானி வேணும்" என்று மலாயில் சொன்னேன். சிரித்துவிட்டார். சிரித்தவர் விட்டுக் கொடுக்கவில்லை. குறுகலான பாதையில் முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். அடுத்த வாரம் வா என்றார். போனேன், காலை ஊன்றாமல் போனேன். பாஸ். லைசென் படத்தில் நான் முறைத்த மாதிரி இருக்கிறேன். உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்சாயை மாதக் கடைசிக்குள் ஜபருல்லாவிடம் ஒப்படைக்கச் சொன்னீர்கள். முடியாது மச்சான். இருபத்தாறு வருடம் பிடித்த வாடிக்கை. இந்தத் தீபாவளிக்கு நாம் போகாவிட்டால், அடுத்த தீபாவளிக்கு நம் முகமே அவர்களுக்கு மறந்துபோகும். நீங்கள் திரும்பி வரும்போது போவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். தோட்டத்துச் சிகப்பு மண்ணில் புரள எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. துரையையும் பாலனுக்கே கொடுத்துவிடு என்று கேசட்டில் சொன்னீர்கள். ஜபருல்லா துடைக்கத் துணி எடுத்தாலே கத்துகிற ஆள் நீங்கள். அதை ஏன் சொன்னீர்கள்? கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பாலன் வந்து உதைத்துக் கிளப்பி வைக்கிறான். வழக்கம்போல் நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுக்குகிறது. நான் வழக்கம்போல் பழைய கைலியைப் போட்டுத் துடைக்கிறேன்.

பதில் எழுதுங்கள். கேசட் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.

உங்கள் ரம்லத்


கிள்ளான்,
14-10-1984

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமாக இருப்பீர்கள். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அந்தத் தப்பால் நல்லதும் வந்தது.

லைசென் கிடைத்ததும் தனியாக மூட்டையோடு தோட்டத்துக்குப் போனேன். ஓட்டுவதில் குறையில்லை. ஆனால் பழைய கதைதான், சத்தமில்லாத வண்டிக்கு யாரும் எழுந்து வரவில்லை. நல்லம்மாளும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள், அவ்வளவுதான். கதவு கதவாகத் தட்டினால் அசதியில் படுத்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பாலனிடம், "இந்தக் கப்சாய துரை மாதிரி கத்த வையிடா" என்றேன். "சைலன்சர ஓட்டை போடலாம் அக்கா, ஆனா துரை சத்தம் வராது, பூனை வயித்து வலியில கத்துற மாதிரி வரும்" என்றான்.

அப்போதுதான் உங்கள் கேசட் நினைவு வந்தது. மனுசன் குரல் கடல் தாண்டி வரும்போது, துரை குரல் நாலு கட்டை தாண்டிப் போகாதா? பாலனைக் கூப்பிட்டு துரையைக் கிளப்பச் சொல்லி, டேப் ரெக்கார்டரை அதன் வால் பக்கம் பிடித்து அஞ்சு நிமிசம் சத்தத்தைப் பதிந்தேன். வெறும் பக்கத்தில் பதிகிறேன் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்புக்காரிக்கு ஏ எது, பி எது என்று எங்கே தெரியும்? நீங்கள் பேசிய பக்கத்திலேயே பதிந்திருக்கிறேன். உங்கள் சலாமும் சுகம் விசாரிப்பும் அழிந்து போயின. திட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இது தெரியாமல் நேற்று டேப்பை முன் கூடையில் வைத்துக்கொண்டு போனேன். லயத்து முனையில் வண்டியை நிறுத்தி, சத்தத்தை முழுக்கத் திருப்பிப் போட்டேன். டம் டம் டம் டம். மச்சான், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. பெண்கள் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையை முடிந்துகொண்டே வருகிறார்கள். "பாய் வந்துட்டாரு, பாய் வந்துட்டாரு" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்கிறார்கள். வந்து பார்த்தால் நான். நல்லம்மாள் என் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு, "பாய் எங்கேக்கா?" என்றாள். "கூடையில" என்றேன். எல்லாரும் சிரிக்க, நான் மூட்டையை அவிழ்த்துப் பரப்பினேன்.

அப்போது துரை சத்தம் நின்றது. நின்ற இடத்தில் உங்கள் குரல் ஆரம்பித்தது. லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "ரம்லத்து, நான் சொல்றத நல்லா கேட்டுக்க. பொம்பளை மோட்டார் ஓட்டி வியாபாரம் பண்ணுனா ஊரே சிரிக்கும்" என்று.

ஊரே சிரித்தது. எனக்கு டேப்பை நிறுத்தக் கை வரவில்லை, சிரிப்பில் சேலைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லம்மாள் கூடைக்குள் குனிந்து, "பாய், ஊரு சிரிக்கலே, நாங்கதான் சிரிக்கிறோம். எனக்குப் பச்சையில ரெண்டு சேலை பாக்கணும், கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொன்னாள். நீங்கள் சும்மா இருக்கவில்லை. நீங்கள் திட்டத் திட்ட அவர்கள் சேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த வேன்காரனும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அவனை ஒருத்தி, "தள்ளிப் போய்யா, பாய் பேசிக்கிட்டு இருக்காரு" என்று விரட்டிவிட்டாள். மூட்டையில் திரும்பி வந்தது இரண்டு கைலி மட்டும். நாளைக்கு அடுத்த லயத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள், டேப்போடு.

இனிச் சொல்லப் போவதைச் சிரிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

எல்லாரும் வீட்டுக்குள் போனபின் நான் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வஸ்ஸலாம் சொல்லி முடித்துவிட்டீர்கள். டேப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே பேசி முடித்த பிறகு நீங்கள் அதை நிறுத்த மறந்திருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் காக்கை கத்தியது. பிறகு மாமியின் குரல், "எப்பத்தான் வாப்பா மலேசியா போவே? அந்தப் புள்ள தனியா கெடக்கே" என்று. அதற்கு நீங்கள், நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், "போயி என்ன உம்மா செய்ய? கால் மடங்க மாட்டேங்குது. வண்டியில ஏற முடியாத பாய யாரு எதிர்பாக்கப் போறா? அவ பின்னாடி மூட்டையோட மூட்டையா உக்காரச் சொல்றியளா?" என்றீர்கள்.

அப்போது அங்கே நானும் நாலு கோழியும்தான் இருந்தோம். கோழிகள் வெளியே சொல்லாது. நானும் சொல்லவில்லை.

யார் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். முகம் கழுவிக்கொண்டு ஓடி வந்தவர்களைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே. சேலைக்காகவா முகம் கழுவுவார்கள்? நேற்று சாயந்திரம் அவர்களை மறுபடி கூப்பிட்டு, கேசட்டின் மறுபக்கத்தில் உங்களுக்கு ஒவ்வொருத்தியும் ஒரு சொல் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை பக்கம் சரிதான், சந்திரகலா பார்த்துத் தந்தாள். ஆனால் அதை அனுப்பப் போவதில்லை. கேட்க வேண்டுமென்றால் இங்கே வந்துதான் கேட்க வேண்டும்.

பாலனிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன், யாருக்கு என்று சொல்லாமல். வலது கால் மடங்காத ஆளுக்குக் கப்சாயின் பிரேக்கைக் கொஞ்சம் வளைத்து உயர்த்தித் தர முடியுமாம். உதைத்துக் கிளப்புவது என் பொறுப்பு. உங்களை உதைக்க முடியாததையெல்லாம் அதில் உதைத்துக்கொள்கிறேன். துரையை விற்க மாட்டேன். அதற்கு இனிக் குரல் வேலை இருக்கிறது, கேசட் தேய்ந்தால் மறுபடி பதிய வேண்டும்.

தீபாவளி முடியட்டும், கப்பலோ விமானமோ பிடித்து வாருங்கள். பின்னால் உட்கார வேண்டாம். நீங்கள் முன்னால் உட்காருங்கள், நான் பின்னால் மூட்டையோடு மூட்டையாக இருந்துகொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான். உங்கள் கால்கள் பழைய பாடத்தை மறக்கும்வரை நான் சொல்லிக்கொண்டு வருகிறேன். வாயால் சொன்னால் லயத்துக்காரர்களுக்குக் கேட்டுவிடும். தோளைத் தட்டுகிறேன். இடது தோளைத் தட்டினால் கியர். வலது தோளைத் தட்டினால் பிரேக். தட்டாமல் சும்மா கை வைத்திருந்தால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஆறாங்கட்டை வளைவில் மட்டும் இரண்டு கையையும் வைத்துக்கொள்வேன்.

அல்லாஹ் உங்கள் காலுக்குச் சுகத்தையும் மனசுக்குத் தெம்பையும் தரட்டும். மாமியின் கையைப் பிடித்து என் சலாமைச் சொல்லுங்கள்.

வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அந்த நாய் என்ன நிறம் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
ரம்லத்